வளவுப் பேச்சு: அப்பத்தா பேருக்கு ஒரு பத்தி

வாசகர் கேள்விகளுக்குக் காரைக்குடி ஆச்சி பதில் சொல்கிறார்

பள்ளிக்கூடம் திறந்த மாசம் இது. பைக்குள்ள வந்த கடிதமெல்லாம் ஒரே ராகம்: ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பிள்ளையை யார் பாக்குறது? அஞ்சை மட்டும் எடுத்துக்கிட்டேன். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போயிடுச்சு, மத்தவங்க கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: நான் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். காலை 9 மணிக்கு உள்ளே இருக்க வேண்டும், வீடு திரும்ப 6:30 ஆகிவிடும். கணவருக்குப் புதுக்கோட்டையில் வேலை. 7:30-க்குக் கிளம்பினால் இரவு 8:30. மகன் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு, மகளுக்கு 3 வயது. இருவரையும் மாமியார்தான் பார்த்துக்கொண்டார். அவருக்கு 66 வயது, மூட்டுவலி. போன மாதம் "எனக்கு முடியலை" என்று சொல்லி, ஒரு பையோடு கோவையிலுள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குள் ஒரு சண்டையும் இல்லை. இப்போது கணவர் என்னை வேலையை விடச் சொல்கிறார். அத்தையைத் திரும்ப வரச் சொல்லி எப்படிக் கேட்பது?
— பெயர் வேண்டாம், கோட்டையூர்

ஆச்சி: ஆத்தா, "ஒரு சண்டையும் இல்லை"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு உறுத்துது. சண்டை போடத் தெம்பு இருந்தா அவங்க பையைத் தூக்கியிருக்க மாட்டாங்க.

என் கதையைச் சொல்றேன். 1979-ல எனக்கு பேங்க் வேலை கெடச்சது. எங்க வளவுல, அதாவது பங்காளிங்க சேந்து இருக்குற பெரிய வீட்டுல, வேலைக்குப் போன முதல் மகமிண்டி நான்தான். (மகமிண்டின்னா மருமகள். மகன் பெண்டிர்ங்கிறது பேச்சுல அப்படி ஆயிடுச்சு.) கல்யாணமான மறுவருஷமே எங்களை வேறு வச்சுட்டாங்க. வெளியூர்க்காரங்க பதற வேண்டாம். எங்க பக்கம் வேறு வைக்கிறதுன்னா வீட்டை விட்டு அனுப்புறது இல்லை. அதே வீடு, அதே வளவு, ரெண்டாங்கட்டுல அடுப்பு மட்டும் தனி. அரிசி தனி, பருப்பு தனி, கணக்கு தனி. மாமியா அடுப்புலருந்து எனக்கு ஒரு கிண்ணம் குழம்பு வந்தா, அந்தக் கிண்ணம் வெறுங்கிண்ணமாத் திரும்பிப் போகாது. அவ்வளவு சுத்தமான வரவு செலவு.

1986 ஐப்பசி. மூத்தவளுக்கு ரெண்டு வயசு. நான் எட்டரை பஸ்ஸைப் பிடிச்சுத் தேவகோட்டைக் கிளைக்குப் போயிருவேன். என் வீட்டுக்காரர் காலேஜுல வாத்தியார். பிள்ளை அப்பத்தாகிட்ட. அன்னைக்கு விடாத மழை. முற்றத்துல நாலு மூலையிலயும் கூரைத் தண்ணியைப் பிடிக்கப் பித்தளை அண்டா வச்சிருந்தது. மாமியா ரெண்டாங்கட்டுல சோத்தை வடிச்சுக்கிட்டு இருந்தவங்க, சத்தம் இல்லையேன்னு எட்டிப் பாத்தா, பிள்ளை ஒரு மணையை இழுத்துப் போட்டு மேல ஏறி, அண்டா விளிம்புல வயித்தை வச்சுக் கவுந்து தண்ணியை அளையுது. கால் ரெண்டும் அந்தரத்துல. ஓடி வந்தவங்க ஈரக் கல்லுல வழுக்கி முழங்கால் அடிபட விழுந்து, விழுந்த வாக்குலயே பாவாடையைப் பிடிச்சு இழுத்திருக்காங்க.

நான் ஆறரைக்கு வீடு வந்தப்ப பட்டாசாலையில கோரைப்பாயில படுத்திருந்தாங்க. முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கி, மேல நனைச்ச துணி. பிள்ளை பக்கத்துல உக்காந்து அந்தத் துணியைப் பிரிக்கிறதும் சுத்துறதுமா வெளையாடுது. நான் அழுதேன். அவங்க அழலை, திட்டலை. என் முகத்தைப் பாத்து ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: "நாளைக்கும் நான்தானா ஆத்தா?"

அன்னைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் பெட்டகத்தைத் தொறந்து ஒரு பேரேடு எடுத்தாரு. மாமனார் பர்மாக் கடையை முடிச்சுட்டு வந்தப்ப கூட வந்த எழுதாத பேரேடு. மூணு பத்தி கோடு போட்டோம். நான், அவர், அப்பத்தா. காலையில அஞ்சுலருந்து ராத்திரி பத்து வரைக்கும் யார் என்ன செய்யுறாங்கன்னு ஒளிக்காம எழுதினோம். என் பத்தி நெறைஞ்சிருந்தது. அப்பத்தா பத்தியில வெறும் எடமே இல்லை, மத்தியானச் சாப்பாடு எப்பன்னு எழுதக்கூட எடம் இல்லை. அவர் பத்தியில சாயங்காலம் நாலரையிலருந்து எட்டு வரைக்கும் ஒரே வரி: "சங்கம், கேரம்." அவர் கையெழுத்துதான். எழுதி முடிச்சுப் பேனாவை மூடிட்டு ரொம்ப நேரம் அந்த வரியையே பாத்துக்கிட்டிருந்தாரு.

அடுப்பைத் தனியா வச்சுக்கிட்டவங்க நாங்க. ஒரு கிண்ணம் குழம்புக்குக் கணக்குப் பாத்தவங்க. பிள்ளையை மட்டும் யாரையும் கேக்காம அப்பத்தா பேர்ல பற்று எழுதியிருந்தோம்.

மறுநாள்லருந்து நாலரைக்குப் பிள்ளை அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலயும், ஞாயித்துக்கிழமை முழுசும் மாமியாவுக்குப் பிள்ளை வேலை கிடையாது. கொப்புடையம்மன் கோயிலுக்குப் போவாங்களோ, தூங்குவாங்களோ, நாங்க கேக்கக் கூடாது. தச்சரைக் கூப்பிட்டு அண்டாவுக்கெல்லாம் பலகை மூடி போட்டோம். ஒரேயடியாத் திருந்திடலை, மூணாவது வாரமே அவர் சங்கத்துல உக்காந்து மறந்துபோயி, அப்பத்தா பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு அங்கயே போயி கேரம் போர்டு மேல உக்கார வச்சுட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் மறக்கலை.

இப்ப உங்க வீட்டுக்கு வருவோம். "திரும்ப வாங்க"ன்னு கேக்காதீங்க. ரெண்டு பேருமா கோயமுத்தூர் போங்க, போன்ல வேண்டாம். முதல்ல முழங்காலைப் பத்திக் கேளுங்க, டாக்டர்கிட்ட கூட்டிப்போக நாள் குறிங்க. பிறகு அவங்க பத்தியை நீங்களே எழுதிக் காட்டி, இதுல எது உங்களால ஆகும், எது வேண்டாம்னு கேளுங்க. எதுவுமே வேண்டாம்னு சொன்னா அதையும் ஏத்துக்கிட்டு எந்திரிச்சு வாங்க. அதுக்கும் தயாராத்தான் போகணும்.

தயாராகுறதுன்னா என்ன? மகன் அரசுப் பள்ளியில ரெண்டாம் வகுப்பு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர்ல மதுரையில ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட்லருந்து தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளியில ஒண்ணுலருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் வந்துடுச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல்னு சாம்பாரோட போடுறாங்க. நம்ம வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துல காலைப் பலகாரம் சாப்பிடுறதான்னு கௌரவம் பாக்காதீங்க. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு இட்லி அவிச்சு ஊட்டுற வேலை அதோட போச்சு. மத்தியானம் சத்துணவும் அங்கயே. மகளுக்கு 3 வயசு, அங்கன்வாடிக்குப் போற வயசு. உங்க தெருவுக்கு எது மையம்னு போயி, எத்தனை மணி வரைக்கும் பாப்பாங்கன்னு கேளுங்க. ரெண்டு நாள் நீங்க கூட உக்காந்துட்டு வாங்க.

மிச்சம் நிக்கிறது சாயங்காலம் நாலுலருந்து ஆறரை. உங்க ஆலை முதலாளிகிட்ட எட்டரைக்கு வந்து அஞ்சரைக்குக் கிளம்பட்டுமான்னு கேளுங்க. கணக்கு வேலைக்கு அரை மணி முன்னப்பின்ன ஆனா நெல்லு அவியாமப் போயிடாது. பாக்கி ரெண்டு மணி நேரத்துக்குத் தெருவுல நம்பிக்கையான ஒருத்தரைச் சம்பளம் பேசி வைங்க. ஒண்ணாம் தேதி கையில கொடுங்க. "நம்ம அக்காதானே, சும்மா பாத்துக்குவாங்க"ன்னு விட்டீங்கன்னா, அடுத்த பையை அவங்க தூக்குவாங்க.

காலையில ரெண்டு பிள்ளையையும் குளிப்பாட்டி உடுத்துறது உங்க வீட்டுக்காரர் வேலை. 7:30-க்குக் கிளம்புறவருக்கு 6:30 நல்ல நேரம்தான். இன்னொண்ணு, பிள்ளைக்குக் காய்ச்சல்னா யார் லீவு போடுறதுன்னு காய்ச்சல் வந்த அன்னைக்குப் பேசாதீங்க. ஒத்தைப்படை மாசம் அவர், ரெட்டைப்படை மாசம் நீங்கன்னு இன்னைக்கே எழுதிடுங்க. காலண்டர் முடிவு பண்ணட்டும், யார் சம்பளம் கம்மிங்கிறது முடிவு பண்ண வேண்டாம்.

வேலையை விடுறதைப் பத்தி: அவரையே ஐந்தொகை (வரவு செலவு எல்லாம் சேத்த முழுக்கணக்கு) போடச் சொல்லுங்க. மாசச் சம்பளத்தை மட்டும் கழிச்சுட்டு முடிச்சுடக் கூடாது. பி.எஃப்., வருஷா வருஷம் ஏறுறது, மக பெரியவளான பிறகு எட்டு வருஷ இடைவெளியோட வேலை கேட்டுப் போனா என்ன சம்பளம் கெடைக்கும், எல்லாம் வரணும். அவர் வேலையை விட்டா என்னன்னும் எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு வேணும். கணக்கு எழுதுறது உங்க தொழில், சரிபாக்குறதை நீங்க வச்சுக்கங்க.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். மனைவி அரசு மருத்துவமனையில் செவிலியர், ஷிஃப்ட் வேலை. 4 வயது மகனைக் குளிப்பாட்டுவது, சமைப்பது பெரும்பாலும் நான்தான். ஊரில் கேலி செய்கிறார்கள். மீட்டிங் நடுவில் மகன் வந்து நிற்பது வேறு.
— வாசகர், ராயவரம்

ஆச்சி: அப்பச்சி (எங்க பக்கம் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம்), கேலி பண்றவங்க நகரத்தார் வீட்டு ஆளுங்களா இருந்தா ஒரு கேள்வி கேளுங்க: "உங்க ஐயா ரங்கூன்ல, பினாங்குல கிட்டங்கியில இருந்தப்ப யார் சமைச்சுப் போட்டாங்க?" கடையும் படுக்கையும் சமையலும் ஒரே கூரைக்குக் கீழ, பெண்டு பிள்ளை கிடையாது. ஆம்பிளைதான் சமைச்சாரு, ஆம்பிளைதான் பரிமாறினாரு. கடல் தாண்டிக் கரண்டி பிடிச்சா கௌரவம், ராயவரத்துல பிடிச்சா கேலியா?

மீட்டிங் சங்கதி எனக்குத் தெரியாத உலகம். ஆனா ஷிஃப்ட் தெரியும், என் தங்கச்சி நர்ஸ். டூட்டி லிஸ்ட் வந்த அன்னைக்கே அதை அடுப்படிச் சுவத்துல ஒட்டுங்க, பக்கத்துலயே உங்க முக்கியமான மீட்டிங் நேரத்தையும் எழுதுங்க. ரெண்டும் மோதுற மணிக்கு மட்டும் ஆள் ஏற்பாடு பண்ணினாப் போதும், நாள் முழுக்க வேண்டாம். ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க. நைட் டூட்டி முடிச்சு வந்தவங்க பகல்ல வீட்டுல இருக்காங்கங்கிறதால அவங்க கை சும்மா இருக்குன்னு அர்த்தம் இல்லை. பிள்ளையை அந்த ரூம் பக்கம் விடாதீங்க. என் தங்கச்சி பல வருஷம் பகல்ல தூங்கினதே கிடையாது. "நீதான் வீட்டுல இருக்கியே"ங்கிற ஒரு வார்த்தைதான் காரணம்.

கேள்வி: தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறேன், 70 பேர் இருக்கிறோம். இது முதல் பிரசவம், ஐந்தாம் மாதம். எத்தனை நாள் விடுப்புக் கேட்கலாம்? திரும்பி வந்தபின் தாய்ப்பால் கொடுப்பது எப்படி?
— வாசகி, செக்காலை, காரைக்குடி

ஆச்சி: கேக்குறது இல்லை ஆத்தா, உங்களுக்குச் சேர வேண்டியது. 2017-ல சட்டத்தைத் திருத்தின பிறகு முதல் ரெண்டு பிரசவத்துக்கு 26 வாரம், முழுச் சம்பளத்தோட. அதுல 8 வாரம் வரைக்கும் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கலாம். பிரசவ நாளுக்கு முந்தின 12 மாசத்துல 80 நாளாவது அங்க வேலை பாத்திருக்கணும். விடுப்புல இருக்கறப்ப வேலையை விட்டு எடுக்க முடியாது. 50 பேர், அதுக்கு மேல இருக்குற எடத்துல பிள்ளைக் காப்பகம் வைக்கணும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பாக்கலாம். நீங்க 70 பேர். காப்பகம் எங்கன்னு எழுத்துல கேளுங்க, வாயால வேண்டாம். பிள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க, சாதாரண இடைவேளை போக, தெனமும் ரெண்டு இடைவேளை தனி. தமிழ்நாட்டு அரசு வேலைன்னா 2021 ஜூலைலருந்து 12 மாசம் விடுப்பு, உங்க தோழிங்க யாராவது குழப்பினா அது வேற கணக்குன்னு சொல்லுங்க.

என் காலத்துல பாலைக் குளியலறையில பிழிஞ்சு கொட்டிட்டு வந்து கவுண்டர்ல உக்காருவேன். சேலையில நனைஞ்ச எடத்தை ஃபைலை வச்சு மறைச்சுக்கிட்டே பணம் எண்ணுவேன். உங்களுக்கு அது வேண்டாம். பிழிஞ்ச பால் 25 டிகிரி வரைக்கும் சூடு இருக்குற எடத்துல 4 மணி நேரமும், ஃப்ரிட்ஜுல 4 நாளும் தாங்கும். நம்ம ஊர்ல சித்திரையில 25 டிகிரி எங்க இருக்கு? அதனால பிழிஞ்ச உடனே ஃப்ரிட்ஜ், வீட்டுக்குப் போற வழியில ஐஸ் வச்ச பை. அடுப்புல வச்சுக் காய்ச்சக் கூடாது, வெந்நீர் கிண்ணத்துல பாட்டிலை நிறுத்தினாப் போதும். பிள்ளை குடிச்சு மிச்சம் வச்சதை 2 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. இதைப் பாத்துக்குற ஆயாகிட்ட ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க, "பாலைச் சுண்டக் காய்ச்சினாத்தானே நல்லது"ன்னு கண்டிப்பாச் சொல்லுவாங்க.

தடுப்பூசிக்கு அரசு சுகாதார நிலையம்னா புதன்கிழமை. ஆறு, பத்து, பதினாலு வாரம், பிறகு ஒன்பது மாசம். முதல் மூணும் உங்க விடுப்புக்குள்ள முடிஞ்சிரும். ஒன்பதாம் மாசம் வர்ற புதன்கிழமையை மட்டும் உங்க வீட்டுக்காரர் லீவுக் கணக்குல இப்பவே எழுதிடுங்க.

கேள்வி: வேலை முடிந்து வந்து சமைக்கும் ஒரு மணி நேரம் மட்டும் 2 வயதுக் குழந்தைக்கு செல்போன் கொடுக்கலாமா?
— வாசகி, தேவகோட்டை

ஆச்சி: உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னது, ரெண்டு வயசுலருந்து நாலு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், அதுக்கும் குறைச்சலா இருந்தா நல்லது, ரெண்டுக்குக் கீழ வேண்டவே வேண்டாம். ஆக ஒரு நாள் கொடுத்துட்டீங்கன்னா குத்த உணர்ச்சியில சாக வேண்டாம். ஆனா அடுப்படி வாசப்படியில உக்கார வச்சு ஒரு எவர்சில்வர் தூக்கு, ரெண்டு கொட்டாங்கச்சி, வெங்காயத் தோல் ஒரு முறம் கொடுத்துப் பாருங்க. வெங்காயத் தோலுக்கு என் பேத்தி முக்கால் மணி நேரம் கொடுத்தா. பல்லாங்குழி எடுத்துக் கொடுங்கன்னு யாராவது சொல்லுவாங்க. புளியங்கொட்டையும் சோழியும் ரெண்டு வயசுக்குத் தொண்டையில போய் அடைச்சுக்கும். நெலக்கடலையும் அப்படித்தான். அந்த ஒரு மணிக்கு எல்லா அடுப்பும் எரியணுமா? இடியாப்பத்துக்குக் கத்திரிக்காய்க் கோசுமல்லி இருந்தாப் போதும்.

கேள்வி: நானும் கணவரும் சென்னையில் வேலை செய்கிறோம். 5 வயது மகனைக் கானாடுகாத்தானில் என் பெற்றோரிடம் விட்டு அங்கேயே படிக்க வைக்கலாம் என்று இருக்கிறோம். பெரிய வீடு, சுற்றிலும் சொந்தம். மாதம் ஒருமுறை வந்து பார்ப்போம். சரியா?
— வாசகி, சென்னை

ஆச்சி: நான் 1956-ல பொறந்தவ. எனக்கு ஒரு வயசுல அப்பச்சி மலேயாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பாக்க, போனாங்க. மூணு வருஷக் கணக்கு. திரும்பி வந்த அன்னைக்கு முகப்புத் தேக்குத் தூணுக்குப் பின்னால நின்னு பாத்தேன். பிஸ்கட் டின்னை நீட்டினாங்க. வாங்கிக்கிட்டு நேரா ஆத்தாகிட்ட ஓடிக் கேட்டேனாம்: "இந்த மாமா எப்பப் போவாங்க?" வளவே சிரிச்சுது. அப்பச்சியும் சிரிச்சாங்களாம். அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் தனியாத் திண்ணையில உக்காந்திருந்தாங்கன்னு ஆத்தா சொல்லுவாங்க. அவங்க சாகிற வரைக்கும் என்கிட்ட "நீங்க"ன்னுதான் பேசினாங்க. எங்க பக்கம் பிள்ளைங்களுக்கும் மரியாதை கொடுக்கிற வழக்கம் உண்டுதான், ஆனா தம்பிங்ககிட்ட மட்டும் "வாடா போடா" வந்தது. அவங்க அப்பச்சி ஊரோட வந்த பிறகு பொறந்தவங்க.

அதனால என் பதில் வேண்டாம்ங்கிறதுதான். பெரிய வீடுங்கிறீங்க. அவ்வளவு பெரிய வீட்டுல அஞ்சு வயசுப் பிள்ளை பின்னாலேயே ஓடுறதுக்கு உங்க அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் என்ன வயசுன்னு எழுதவே இல்லையே. அவங்களைக் கேட்டீங்களா, சொன்னீங்களா? கோட்டையூர் கடிதத்தை இன்னொரு தடவை படிங்க.

ஆனி, ஆடியில சென்னையில காப்பகம் தேடுங்க. ஆபீஸ் பக்கத்துல வேண்டாம், வீட்டுப் பக்கத்துல இருக்கட்டும், யாராவது ஒருத்தருக்கு நேரமானாலும் இன்னொருத்தர் எடுத்துக்கலாம். ஊருக்குக் கோடை லீவுல அனுப்புங்க, மூணு வாரம் போதும். அதுலயும் முதல் நாலு நாள் உங்கள்ல ஒருத்தர் கூட இருந்துட்டுப் பல்லவன் ரயில்ல திரும்புங்க. விடியற்காலையில கிளம்புற வண்டி, பிள்ளை தூங்கறப்ப நழுவிடலாம்னு தோணும். அப்படிச் செய்யாதீங்க, எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க. அவன் தலையணையையும் கொண்டாந்து வச்சிட்டுப் போங்க, உறையைத் துவைக்காம.